அம்மாவின் கைக்குப் பத்து நாள் ஓய்வு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் வயிற்றில் இருக்கிற சின்னதும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எழும்போதும் படுக்கும்போதும் எங்கள் நினைப்பு. டாக்டர் சொன்னபடி படுத்தே இருக்கிறாயா? பக்கத்து வீட்டு டீச்சரம்மா சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறார்களா? கப்பலில் இருந்து மாப்பிள்ளை பேசினாரா? குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆன பிறகுதான் கப்பல் கரைக்கு வரும் என்று அவர் சொன்னதில் ஏதாவது மாற்றம் உண்டா?

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். நாங்கள் தங்கியிருப்பது ஓட்டலில், ஒரே அறை. உன்னிடம் ஒன்று சொல்ல நான் வாயெடுத்தால் அம்மா எதிரே நின்று கண்ணை உருட்டுகிறாள். அதனால்தான் கீழே வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, ஓட்டல் தாளிலேயே எழுதுகிறேன். இங்கே சாவி கொடுக்கிற மூக்குக்கண்ணாடிக்காரர் நல்ல மனிதர். இதைத் தன் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவன் எழுத்து மேடு பள்ளமாகத்தான் இருக்கும். பார்த்துப் படி.

அம்மா நேற்று உன்னிடம், "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுடி, ஒரு சின்ன வேலைதான் பாக்கி" என்றாளே, அது முழுப் பொய். விசா அலுவலகத்தில் என் கைரேகையை எடுத்துக்கொண்டார்கள். அவளுடையதை எடுக்க முடியவில்லை.

அங்கே ஒரு கண்ணாடிப் பலகை இருக்கிறது. அதில் பத்து விரலையும் வைக்க வேண்டும். ரேகை பதிந்தால் பச்சை விளக்கு, பதியாவிட்டால் சிவப்பு. நான் வைத்தேன், பச்சை. அம்மா வைத்தாள், சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தாள், மறுபடியும் சிவப்பு. கவுண்டரில் இருந்த பெண் எழுந்து வந்து அவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வேலைம்மா பாத்தீங்க? விரல்ல ரேகையே இல்லையே" என்று கேட்டாள். அம்மா திருடி மாட்டிக்கொண்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு, "பைண்டிங்ல இருந்தேன்" என்றாள்.

உனக்குத் தெரியாததா? இருபத்தாறு வருஷம் அச்சகத்தில் தாள் மடித்த கை. பெரிய தாளைப் பதினாறு பக்கம் வருகிற வரை மடிக்க வேண்டும், ஒவ்வொரு மடிப்பையும் அழுத்தித் தேய்க்க வேண்டும். மற்றவர்கள் அதற்கு ஒரு மரக்கட்டை வைத்திருந்தார்கள். இவள் மட்டும், "கட்டையில தேச்சா தாள் கோணினது கைக்குத் தெரியாது" என்று கட்டைவிரலாலேயே தேய்த்தாள். அந்தப் பெருமையெல்லாம் சேர்ந்துதான் இன்று ரேகையைத் தின்றிருக்கிறது.

இதில் ஒரு கூத்து. அம்மாவைப் பெற்றவர் கைநாட்டு. அந்த வெட்கத்தில் வைராக்கியமாக எழுதப் படித்தவள் அவள். எங்கள் கல்யாணப் பதிவில் என் கையெழுத்தைப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று சிரித்தவள். முத்து முத்தான அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு இப்போது கைநாட்டு வைக்க முடியாமல் நிற்கிறாள். யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தக் கவுண்டர் பெண் ஒரு வழி சொன்னாள். "பத்து நாள் தண்ணில கை வைக்காதீங்க, எந்த வேலையும் செய்யாதீங்க, களிம்பு தடவுங்க. தோல் வளரும். இன்னும் ஒரு தடவை பாக்கலாம்." அந்த ஒரு தடவையும் தவறினால் ரேகை இல்லாதவர்களுக்கென்று தனி விண்ணப்பமாம். அதற்கு மூன்று மாதம். உனக்கு நாள் குறித்திருப்பதோ ஐந்து வாரத்தில்.

ஊருக்குத் திரும்பினால் வீட்டில் அவள் கை சும்மா இருக்குமா? அதனால்தான் நகரத்துக்கு நடுவிலேயே, விசா அலுவலகத்துக்கு நடக்கிற தூரத்தில், இருப்பதற்குள் மலிவான இந்த ஓட்டலில் தங்கிவிட்டோம். மூன்றாம் மாடி. லிஃப்ட் உண்டு, ஆனால் பெட்டிகளுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அறையில் ஒருவர் செருப்பு மாட்ட வேண்டுமானால் மற்றவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தில் பல் டாக்டர். எந்நேரமும் யாராவது ஒருவர் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தபடி கிடக்கிறார். கீழே நாற்சந்தி. ஒவ்வொரு பஸ்ஸும் திரும்பும்போது கியர் மாற்றுகிற சத்தம் கேட்டு என் இடது கை தானாக அசைகிறது. கதவுக்குப் பின்னால் பதினான்கு விதிகள் ஒட்டியிருக்கின்றன. அறையில் துணி துவைக்கக் கூடாது என்பது ஐந்தாவது. அதை மீறுகிறவன் நான்தான்.

ஆமாம், எல்லா வேலையும் இப்போது என் தலையில். துணி அலசுகிறேன், சாப்பாடு வாங்கி வருகிறேன், அவளுக்குத் தலைகூடப் பின்னிவிடுகிறேன். பின்னல் லாரியில் தார்ப்பாய் கட்டிய கயிறு மாதிரி இருக்கிறது. இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டு குளித்துவிட்டு வந்து, "இந்த மகாராணி வாழ்க்கை என் எதிரிக்குக்கூட வேணாம்" என்கிறாள்.

அவள் வராமல் நான் மட்டும் வந்து என்ன பிரயோஜனம்? பாப்பாவைத் தூக்கக்கூடத் தெரியாதவன். போன வருஷம் ஆறாம் மாதத்தில் அந்தக் குழந்தை தங்காமல் போய் நீ ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தபோது, அவள் இங்கே போனைக் காதில் வைத்தபடியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நீ போனை வைத்த பிறகும் அவள் அதைக் காதில் இருந்து எடுக்கவில்லை. "அடுத்த தடவை உன் பக்கத்துல இருப்பேன்" என்று அன்று உனக்குச் சொன்னாள் அல்லவா, அந்த வாக்குக்குத்தான் இப்போது களிம்பு தடவிக்கொண்டிருக்கிறோம்.

நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம். போனில் பேசினால், இடது பக்கமாகத் திரும்பிப் படு என்று மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறாள்.

உன் அப்பா

* * *

அன்புள்ள மகளே,

இன்று ஏழாம் நாள். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

காலையில் சாப்பாடு வாங்கித் திரும்பும்போது கண்ணாடிக்காரர், "சார், உங்க வீட்டம்மா வந்ததுல இருந்து எங்க ஓட்டல் பெரிய ஓட்டல் ஆயிடுச்சு" என்று சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாருங்கள் என்று கூட்டிப்போய் விரிப்புகள் வைக்கிற அலமாரியைத் திறந்து காட்டினார். வெள்ளை விரிப்புகள் ஓரம் பிசகாமல், புது நோட்டுப் புத்தகக் கட்டு மாதிரி அடுக்கியிருந்தன. அந்த மடிப்பு இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் வரும்.

நடந்தது இதுதான். இந்த ஓட்டலில் சமையல் கிடையாது. நான் இரண்டு வேளை வெளியே போய் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கி வர முக்கால் மணி நேரம் ஆகிவிடும். நான் படி இறங்கினதும் இவள் நடைவழிக்குப் போயிருக்கிறாள். மாடி மாடியாகச் சுத்தம் செய்கிற ஓர் அக்கா இங்கே இருக்கிறாள், முழங்கால் வலிக்காரி. அவளோடு நின்று விரிப்பு மடித்திருக்கிறாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்து நாளாக!

அறைக்குப் போய்க் கத்தினேன். கத்தின கத்தலில் எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்றுகூடச் சொல்லிவிட்டேன், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "துணிதானேங்க, பஞ்சு மாதிரி. தாள்தான் அறுக்கும், துணி என்ன பண்ணிடும்னு நெனச்சேன்" என்றாள். பைண்டிங்கில் இருந்தவள் புத்தி அப்படித்தான் போகும். அதோடு விட்டாளா? கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே, "பாத்ரூமையும் பவுடர் போட்டுத் தேச்சேன், ஒரே ஒரு தடவை" என்றாள். அந்த வெள்ளைப் பவுடர் என் செருப்புத் தோலையே உரித்தது.

இன்னும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். அதற்குள் அவள், "கை சும்மா இருந்தா நெனப்பு போன வருஷத்துக்கே போயிடுதுங்க. மடிச்சா நின்னுடுது" என்றாள். வாங்கிவந்த பொட்டலம் ஆறிப்போகிற வரை இரண்டு பேரும் கட்டிலில் ஆளுக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தோம்.

சுத்தம் செய்கிற அக்காவுக்கு இந்த ரேகை சமாச்சாரம் தெரியாது. நான் போய்ச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா, பாவத்தை என் தலையில கட்டிட்டீங்களே" என்று ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து அழுதாள். குற்றவாளி அவளுக்கு ஆறுதல் சொன்னாள். இனிமேல் சாப்பாட்டை அந்த அக்காவே வாங்கி வந்துவிடுவாளாம், நான் அறையை விட்டு நகரவே கூடாதாம்.

கண்ணாடிக்காரரிடம் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு பார்த்தேன். மற்ற விரல்களில் பயிர் முளைத்த மாதிரி கோடு தெரிகிறது. கட்டைவிரல்கள் இரண்டும்தான் கரைந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருக்கின்றன. இன்னும் மூன்று நாள். டி.வி.யைப் போட்டுவிட்டு அவள் இரண்டு கையையும் என் கைக்குள் பிடித்து வைத்திருக்கிறேன், எங்கேயும் ஓடிவிடாமல். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு நேரம் பிடித்ததில்லை. இந்தக் கடிதம் எழுதுகிற நேரத்துக்கு மட்டும் அந்த அக்கா காவல் இருக்கிறாள்.

நீ அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கோபிக்க நான் ஒருவன் போதும்.

உன் அப்பா

* * *

மகளே,

ஆகவில்லை.

எட்டு விரல் பச்சை. கட்டைவிரல் இரண்டும் சிவப்பு. அந்தக் கவுண்டர் பெண் தன் உள்ளங்கைக்குள் அம்மாவின் விரலை வைத்துத் தேய்த்துச் சூடாக்கிக்கூட வைத்துப் பார்த்தாள். மேலிருந்து அழுத்திப் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் அவர்களும் சத்தம் இல்லாமல் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரி ஒருவர் வந்தார். அம்மா அவரிடம், "கையெழுத்துப் போடறேன் சார். எத்தனை வேணும்னாலும் போடறேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்" என்று கெஞ்சினாள். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் முகத்தைப் பார்க்காமல், "மிஷின் ஏத்துக்கணும்மா, என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். அவர் கையிலும் ஒன்றும் இல்லையாம்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. தனி விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். மூன்று மாதம். அதே கவுண்டரில் என் பாஸ்போர்ட்டை விசா முத்திரையோடு நீட்டினார்கள். அதை வாங்கவே எனக்குக் கூசியது.

வெளியே வந்ததும் படிக்கட்டில் நின்று அம்மா விரல்களில் இருந்த களிம்பைத் துணியில் துடைத்தாள். என் தோளில் இருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பத்து நாளாக நான் சுமந்த பை அது.

உனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

அப்பா

* * *

அன்புள்ள மகளுக்கு,

நாளை மறுநாள் எனக்கு விமானம். அதுவரை இதே அறைதான். நான் மட்டும் போக மாட்டேன், போனால் இருவரும்தான் என்று முதலில் ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். அம்மா குளியலறையில் இருந்து துண்டை எடுத்துவந்தாள், சுருட்டினாள், ஒரு முனையில் என் கைக்குட்டையைத் திணித்துத் தலை செய்தாள். என் கையில் கொடுத்து, "பிடிங்க, தலையை விட்டுடாதீங்க" என்றாள். அப்படி ஆரம்பித்தது.

இப்போது இரண்டு நாளாக இந்த அறை எனக்குப் பள்ளிக்கூடம். காலை நீட்டி உட்கார்ந்து துண்டுக் குழந்தையைக் கணுக்கால் மேல் போட்டுக்கொண்டு குளிப்பாட்டுகிறேன். வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமாம், உள்ளங்கைக்குச் சூடு சரியாகத் தெரியாதாம். தோளில் சாய்த்து முதுகைத் தட்டினால் ஏப்பம் வரவேண்டும். துண்டுக்கு எப்படி ஏப்பம் வரும் என்று கேட்டேன். "வர்ற வரைக்கும் தட்டுங்க" என்றாள். இரண்டு தடவை கீழே போட்டுவிட்டேன். இரண்டு தடவையும் அவள் வாயில் இருந்து ஒரு சத்தம் வந்தது பார், துண்டுதான் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. சுத்தம் செய்கிற அக்கா கதவோரம் நின்று, "குரங்கு கையில பூமாலை" என்றாள், சிரித்தபடிதான். அப்புறம் தன் பங்குக்கு நாலு யோசனை சொன்னாள்.

நீ பிறந்து ஐந்து மாதம் வரை நான் உன்னைத் தூக்கவில்லை. பயம். ஆனால் ஊரில் எல்லோரிடமும் ஷிஃப்ட் என்று சொல்லிக்கொண்டேன். இதை இதுவரை உனக்குச் சொன்னதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் விரலுக்கு மட்டும் எப்படிப் பச்சை விளக்கு உடனே எரிந்தது என்று யோசித்தேன். நாற்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைதானே இதுவும்? நினைத்துப் பார்த்தால், என் கை காய்த்துப் போகக் கூடாது என்று வருஷா வருஷம் ஸ்டியரிங்குக்குத் துணி உறை தைத்துக் கொடுத்தவள் அவள். அச்சகத்தில் இருந்து வந்து உட்கார்ந்து தைப்பாள். என் ரேகையைக் காப்பாற்றிவிட்டு அவளுடையதைத் தொலைத்திருக்கிறாள். இதை அவளிடம் சொன்னேன். "அப்ப அந்த ரேகையை வச்சு ஒழுங்கா பேத்தியைத் தூக்குங்க" என்றாள். பேத்தி என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

உன்னை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, மகளே. வலி எடுத்தால் பெண்களுக்கு என்ன சொல்ல வேண்டும், எங்கே பிடித்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பிரேக் பிடிக்காத வண்டியைக்கூட இறக்கத்தில் ஓட்டி வந்திருக்கிறேன். இதற்கு மட்டும் என் கையில் ஒன்றும் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான் என்னால் ஆகும். நகராமல் உட்கார்ந்திருப்பேன்.

இப்போது அம்மாவின் கையைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை அல்லவா? ஓட்டலில் துவைத்துத் துவைத்து நைந்துபோன விரிப்புகள் ஒரு மூட்டை கிடந்தன. கண்ணாடிக்காரர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வெந்நீரில் போட்டு அலசி, சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் தைத்துக் குழந்தைக்குத் துணி செய்திருக்கிறாள். ஐந்தாவது விதி காற்றில் போய்விட்டது, அறை முழுக்கக் கயிறு. சிலவற்றின் மூலையில் ஓட்டல் முத்திரை இருக்கும், சிரிக்காதே.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நான் கிளம்பும் அன்று அம்மா போனில், "அப்பா முன்னாடி வர்றாரு, நான் பின்னாலேயே வந்துடுவேன்" என்று சொல்வாள். எத்தனை நாளில் என்று கேட்காதே. "சரிம்மா, மெதுவா வா" என்று சொல். குரல் உடையாமல் சொல். உனக்கு ஒன்றும் தெரியாது என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

நீ கதவைத் திறந்ததும் உன் கண் என் தோளுக்குப் பின்னால் போகும். போகட்டும், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். அப்புறம் பெட்டியைத் திற. மேலாக அந்தத் துணிக்கட்டு இருக்கும். தாளை மடிப்பது போலவே மடித்திருக்கிறாள், ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து. மற்றதையெல்லாம் குழந்தைக்கு விரித்துவிடு. ஒன்றை மட்டும் பிரிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள். வலி எடுத்து உள்ளே கூட்டிப்போகும்போது அதைக் கையில் பிடித்துக்கொண்டு போ. பக்கத்தில் இருப்பேன் என்று அவள் சொன்னாள் அல்லவா.

தாயும் சேயும் சுகமாக வேறாகி, இரண்டும் சுகமாகக் கண் திறக்க வேண்டும். இடது பக்கமாகவே படு.

உன் அப்பா